“இப்ப எங்க இருக்கீங்க?” – தனியாகப் பீல்டுக்குப் போகும் ரெப்களுக்கு என் அனுபவம்

2022 ஜூனில் ஒரு மருந்துக் கம்பெனியில், டாக்டர்களைப் பார்த்துக் கம்பெனி மருந்துகளைச் சொல்லும் மெடிக்கல் ரெப்பாகச் சேர்ந்தேன். நான் தங்கி வேலை பார்க்கும் ஊர், அதாவது என் ஹெட்குவார்ட்டர்ஸ், திருநெல்வேலி. தென்காசி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் எல்லாம் என் ஏரியா. மேனேஜர் இருப்பது மதுரையில். எங்களுக்கு இங்கே ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. வீட்டில் ஒரு அலமாரி முழுக்க சாம்பிள், தோளில் ஒரு பை, ஒரு ஸ்கூட்டர், ஒரு போன், அவ்வளவுதான். மாதத்தில் நாலைந்து நாள் மேனேஜர் என்னோடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க, ஜாயின்ட் ஒர்க் வருவார். மற்ற நாளெல்லாம் நான் தனி. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். அதுவே ஒரு வருடம் என்னைத் தூங்கவிடாமல் செய்யும் என்று அப்போது தெரியாது.

முதல் மூன்று மாதம் பிரச்சினை இல்லை. செப்டம்பரில் எங்கள் டீமுக்கு டார்கெட் தவறிவிட்டது. அதிலிருந்து மேனேஜரின் போன் ஆரம்பித்தது. காலை ஒன்பதரைக்கு “எங்கம்மா இருக்கீங்க?”, பத்தே முக்காலுக்கு “எத்தனை டாக்டர் ஆச்சு?”, பன்னிரண்டரைக்கு “ஆர்டர் என்ன?”, இரண்டரைக்கு “ஏன் இன்னும் கால் ஏறல?”, ராத்திரி எட்டரைக்கு “டி.சி.ஆர். போட்டாச்சா?” கால் என்றால் ஒரு டாக்டரைப் பார்ப்பது, டி.சி.ஆர். என்றால் அன்றன்றைய கால் கணக்கைப் போடும் அறிக்கை. இந்தப் போன்களுக்கு நடுவில் எடுக்காமல் விட்ட அழைப்புகள் தனி. திட்டமாட்டார். கெட்ட வார்த்தை ஒன்று கூட வந்ததில்லை. ஆனால் போன் அதிரும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ புரளும். ஞாயிற்றுக்கிழமை யாரோ கூப்பிட்டால்கூட கை நடுங்கும். வேறு ரிங்டோன் மாற்றினேன், பிறகு அந்த ரிங்டோனையும் வெறுக்க ஆரம்பித்தேன்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டாக்டரைப் பார்க்க நாங்கள் மாடிப்படியில் ஒன்றரை மணி நேரம் நிற்போம். உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு குழந்தைகள் டாக்டர், மூன்று மாதம் நடந்த பிறகு ஒருநாள் “சரி, சொல்லுங்க” என்று பேனாவைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறந்தேன், பைக்குள் போன் அதிர்ந்தது. நிறுத்தினேன். உடனே மறுபடி. அவர் “பேசிட்டு வாங்கம்மா” என்று அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படியிறங்கி வந்து போனை எடுத்தால் மேனேஜர் கேட்ட கேள்வி, “டாக்டரைப் பாத்தாச்சா?” அன்றைக்கு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன்.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் யாராவது இப்போது அதே படியில் நிற்கலாம்.

முதலில் பொய் சொல்ல ஆரம்பித்தேன். ஆலங்குளத்தில் இருந்துகொண்டு “சங்கரன்கோவில் வந்துட்டேன் சார்” என்பேன். நாலு டாக்டர் பார்த்திருந்தால் ஆறு என்பேன். அந்த நிமிடத்துக்குப் போன் அடங்கும். ஆனால் டி.சி.ஆர். போடும் ஆப்பில் ஜிபிஎஸ் இருக்கிறது, அது வேறு கதை சொல்லும். அக்டோபர் மாதச் செலவுக் கணக்கில் ஒத்துப்போகாத நாட்களுக்கான தினப்படியும் பெட்ரோலும் வெட்டப்பட்டு 2,340 ரூபாய் போனது. அதில் இரண்டு நாள் நான் நிஜமாகவே போன நாட்கள். ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் கிடைக்காததால் பதிவாகவில்லை. ஏற்கெனவே பொய் சொல்லி மாட்டியிருந்ததால் அந்த இரண்டு நாளுக்காக வாதாட எனக்கு வாயில்லை. உண்மையான கணக்கு குறைவாக இருந்தாலும் அதையே சொல்லுங்கள். ஒருதரம் மாட்டிவிட்டால் உண்மையும் பொய்யாகத்தான் தெரியும்.

பொய் மாட்டியதும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போடச் சொன்னார். எனக்கு மட்டுமில்லை, எங்கள் டீம் குரூப்பில் எல்லோருமே போட வேண்டும். அதில் 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றுதான் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு அவர் கேட்டு நான் 8 மணி நேரம் கொடுத்தால் ராத்திரி பத்து வரைக்கும் என் வீடு இருக்கும் தெருவை ஏழு ஆண்கள் இருக்கும் குரூப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வாரம் இது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்த அன்று உடம்பு கூசியது. பெண் ரெப்கள் இதைக் கவனியுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் என்றால் மேனேஜருக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே ‘பகிர்வதை நிறுத்து’ என்பதை அழுத்துங்கள். அது தானாக அணையும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்து, போனை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். நவம்பரில் ஒருநாள் மூன்று மணி நேரம் அணைத்தே வைத்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் நாகர்கோவில் ரெப்பைக் கூப்பிட்டிருக்கிறார், எங்கள் மருந்தை மொத்தமாக வாங்கி மெடிக்கல் கடைகளுக்கு விற்கும் ஸ்டாக்கிஸ்ட்டைக் கூப்பிட்டிருக்கிறார், கடைசியில் என் அம்மாவையே கூப்பிட்டுவிட்டார். சேரும்போது அவசரத்துக்கு என்று கொடுத்த நம்பர். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. “பொண்ணு எங்கன்னு தெரியலம்மா” என்று ஒரு ஆள் கேட்டால் எப்படி இருக்கும்? நான் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அவசர நம்பர் எதற்கு என்பதை அன்றே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் பயந்து பேசாமல் இருந்தேன்.

மூன்றாவது தப்புதான் பெரிய பணத்தைத் தின்றது. டிசம்பர் 28, மாத விற்பனைக் கணக்கை முடிக்கும் க்ளோசிங் நேரம். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்குள் ஏழு போன். டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, ஸ்டாக்கிஸ்ட்டிடம் ஏதாவது பில் போடுங்கள் என்று. போன் நின்றால் போதும் என்ற ஒரே நினைப்பில் ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். ஒரு அயர்ன் டானிக், 240 பாட்டில், பாட்டில் 78 ரூபாய். அதை எழுதும் டாக்டர்கள் என் ஏரியாவில் இரண்டே பேர், மாதம் எட்டு பாட்டில் போனால் அதிகம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் “நான் தள்ளிவிட்டுர்றேன் அண்ணாச்சி, நீங்க கவலப்படாதீங்க” என்றேன். வந்த பேட்ச்சின் எக்ஸ்பைரிக்கு எட்டு மாதம்தான் பாக்கி இருந்தது, அதைப் பார்க்கவும் இல்லை. ஸ்கீமில், அதாவது சலுகையில், போன சரக்கைக் கம்பெனி திருப்பி எடுக்காது என்ற விதியும் எனக்கு அப்போது தெரியாது.

அன்று ராத்திரி போன் வரவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன். ஜனவரியில் அதே போன்கள் இரட்டிப்பாக வந்தன. காரணம் எளிது. டிசம்பரில் போட்ட பில்லை வைத்துத்தான் அடுத்த காலாண்டின் டார்கெட்டை ஏற்றினார்கள். அண்ணாச்சி கடையிலோ பழைய சரக்கே அடுக்கியிருந்தது, புது ஆர்டர் எப்படி வரும்? அந்தக் காலாண்டின் இன்சென்டிவ் 9,000 போனது. ஜூனில் அண்ணாச்சி கூப்பிட்டார். 190 பாட்டில் அப்படியே இருக்கிறது, எக்ஸ்பைரி நெருங்கிவிட்டதால் மெடிக்கல் கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். “கம்பெனிய நம்பி எடுக்கலம்மா, ஒன் பேச்ச நம்பித்தான் எடுத்தேன்” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 14,820 ரூபாயை மாதம் 2,470 வீதம் ஆறு தவணையாக என் கையிலிருந்து கொடுத்தேன். அப்போது என் சம்பளம் 22,500. பிரைமரி பில், அதாவது ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் பில், போடுவது விற்பனை இல்லை, கடையிலிருந்து பேஷன்ட் கைக்குப் போவதுதான் விற்பனை என்று டிரெய்னிங்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பயத்தில் அது மறந்துபோகிறது. போனை நிறுத்துவதற்காக ஒரு பாட்டில் கூடப் பில் போடாதீர்கள், தயவுசெய்து.

இதற்கு நடுவில், 2023 பிப்ரவரியில், பாவூர்சத்திரம் பக்கம் விழுந்தேன். திருநெல்வேலி–தென்காசி ரோட்டில் நாலுவழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம், ஓரமெல்லாம் ஜல்லி. போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு “பத்து நிமிஷத்துல தென்காசி சார்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முன்சக்கரம் சறுக்கியது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பின்னால் வந்த லாரி தள்ளி நின்றதால் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு 11,300. சம்பளம் 21,000 வரம்பைத் தாண்டியதால் ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடும் இல்லை. போன் டிஸ்ப்ளே மாற்ற 4,200. மேனேஜர் கூப்பிட்டு “அடி பலமாம்மா?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்த வாக்கியம், “இந்த வார ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மட்டும் வாங்கி அனுப்பிருங்க.” ஸ்டாக்கிஸ்ட்டிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்ற கணக்குதான் அது.

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த பன்னிரண்டு நாளில்தான் எனக்குக் கண் திறந்தது. வேறொரு கம்பெனியில் இருபது வருடம் ரெப்பாக இருக்கும் ஒரு அண்ணன் பார்க்க வந்தார். நான் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு, “அவரு எத்தன மணிக்குக் கூப்பிடுதாரு, என்ன கேக்காருன்னு எழுதி வச்சிருக்கியா?” என்றார். இல்லை. “அப்ப ஒனக்கு அவரப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. ஒவ்வொரு டாக்டருக்கும் கார்டு போட்டு விவரம் எழுதி வைக்கிற, பொறந்தநாள் வரைக்கும் தெரியும். மேனேஜருக்கு ஏன் போடல?”

அன்றே உட்கார்ந்து, போனில் இருந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்து நோட்டில் எழுதினேன். விபத்துக்கு முந்தைய 12 வேலை நாளில் 97 அழைப்பு. ஆனால் அவை நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. பெரும்பாலானவை மூன்றே இடத்தில் குவிந்திருந்தன: ஒன்பதரையிலிருந்து பத்துக்குள், பன்னிரண்டரையிலிருந்து ஒன்றுக்குள், ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள். மிச்சத்தில் பல நான் எடுக்காமல் விட்டதற்குப் பின்னால் தொடர்ந்து வந்தவை. கேள்விகளும் பெரும்பாலும் நாலே நாலுதான். எங்கே, எத்தனை டாக்டர், எவ்வளவு ஆர்டர், ஸ்டாக்கிஸ்ட்டிடம் எவ்வளவு இருக்கிறது. என் நிம்மதியை எடுத்தது இந்த நாலு கேள்விதான் என்று பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. உங்கள் மேனேஜருக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் போதும். கோபத்தோடு நினைத்துப் பார்ப்பது வேறு, நேரம் போட்டு எழுதிப் பார்ப்பது வேறு.

ஏப்ரலில் ஜாயின்ட் ஒர்க் வந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது கேட்டேன்: “சார், உங்களுக்கு மேல ரிப்போர்ட் எத்தன மணிக்குப் போகணும்?” கொஞ்சம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். பத்து, ஒன்று, ஆறரை. ஏழு ரெப்புக்கும் ஒரு பட்டியல். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதைப் பற்றி மேலே உள்ளவர் எல்லா மேனேஜர்களும் இருக்கும் குரூப்பிலேயே கேட்பாராம். “உங்க கட்டம்தாம்மா தினம் காலியா இருக்கும்” என்றார். அவர் மேல் பரிதாபம் வந்தது என்று சொல்லமாட்டேன், அம்மாவைக் கூப்பிட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் போன் எதற்கு வருகிறது என்று தெரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து 9.20, 12.20, 6 மணி, மூன்று மெசேஜ். இப்படித்தான் எழுதுவேன்: “அம்பை. 5 டாக்டர் பாத்தாச்சு. ஆர்டர் 3,200. அண்ணாச்சிகிட்ட டானிக் 212 இருக்கு. அடுத்து கல்லிடைக்குறிச்சி. 1.30 முதல் 2 வரை போன் எடுக்க முடியும்.” இவ்வளவுதான். கடைசி வரிதான் முக்கியம் என்பது போகப்போகத் தெரிந்தது. எப்போது பேசலாம் என்று நாமே சொல்லிவிட்டால் அவர் நடுவில் கூப்பிடுவது குறைகிறது. கெட்ட செய்தி இருந்தால் அதை முதல் வரியில் போடுவேன். “இன்னிக்கு ஆர்டர் இல்ல” என்பதை மறைத்து ஆறு மணிக்குச் சொன்னால் அதற்கு நாலு போன், 12.20-க்கே சொன்னால் ஒரு போன்.

இன்னொன்றும் செய்தேன். என் ஏரியாவின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு மதியம் வரை ஓ.பி., அவர்களின் சொந்த கிளினிக் சாயங்காலம் ஐந்துக்கு மேல். இரண்டிலிருந்து ஐந்து வரை இங்கே ஒரு டாக்டரும் ரெப்பைப் பார்க்க மாட்டார், அது ஸ்டாக்கிஸ்ட்டுக்கும் மெடிக்கல் கடைக்கும் போகிற நேரம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிகளைப் பார்த்தே பழகியவருக்கு இது தெரியவில்லை. இரண்டரை மணிக்கு “ஏன் கால் ஏறல?” என்று கேட்டது என்னைச் சந்தேகப்பட்டு என்றே ஏழு மாதம் நினைத்திருந்தேன்.

உடனே மாறிவிடவில்லை. முதல் வாரத்தில் 38 அழைப்பு. மெசேஜைப் பார்த்துவிட்டும் கூப்பிட்டு அதையே கேட்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். ஆனாலும் “12.20 மெசேஜ்ல இருக்கு சார், அதுக்கப்புறம் ஒரு டாக்டர் கூடியிருக்கு” என்று மட்டும் சொல்லி முடிப்பேன். நாலாவது வாரம் 11. நடுவில் ஒருநாள் சோம்பேறித்தனத்தில் மெசேஜ் விட்டுப்போனது, அன்றே ஆறு போன். நம்பிக்கை என்பது இந்த வேலையில் தினக்கூலி மாதிரி, அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மெசேஜ் பழக்கம் ஒரு மாதம் ஓடிய பிறகுதான் என் பக்கத்துப் பேச்சை எடுத்தேன். முன்னாடியே எடுத்திருந்தால் நடந்திருக்காது. நேரில் வந்தபோது மூன்று விஷயம் சொன்னேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன், நிறுத்தியதும் நானே கூப்பிடுவேன். ஆப்பில் ஜிபிஎஸ் பதிவு இருப்பதால் லைவ் லொகேஷன் குரூப்பில் போட மாட்டேன். எனக்கு விபத்து என்றால் தவிர அம்மாவைக் கூப்பிடக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு “அது தப்புதாம்மா” என்றார். பேசி முடித்ததும் இதே மூன்றையும் மரியாதையாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். வாயால் பேசியது இரண்டு மாதத்தில் ஆளுக்கொரு மாதிரி ஞாபகம் வரும்.

எல்லா மேனேஜரும் இப்படி மாறுவார்கள் என்று சொல்லவில்லை. என்னோடு சேர்ந்த ஒருத்திக்கு ராத்திரி பத்தரைக்குப் போன் வரும், வேலைப் பேச்சே இருக்காது. அதற்கு மெசேஜ் அனுப்பும் வழி உதவாது. அது வேறு குற்றம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. வேலை நிமித்தமாக நாம் போகிற இடமெல்லாம் அதில் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் உள்புகார்க் குழு கட்டாயம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். போன் வந்த நேரங்களின் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். லீவு விஷயமும் அப்படித்தான். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்றே 1976-இல் மத்தியச் சட்டம் வந்தது. 11 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று அதில் இருந்தது. கையில் கட்டோடு நான் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்டு அலைந்தபோது இது எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லித்தான் தெரியும். அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டதால் இன்றைய நிலையை உங்கள் ஊர் ரெப் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கம் என்றாலே சண்டை என்று நினைத்து நான் ஒதுங்கியிருந்தேன். அங்கே போனால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை வரி வரியாகப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

வெட்டிய செலவு, இன்சென்டிவ், டானிக், ஆஸ்பத்திரி, போன் எல்லாம் கூட்டினால் 41,660 ரூபாய். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். அண்ணாச்சிக்குக் கடைசித் தவணையை 2023 டிசம்பர் முதல் வாரம் கொடுத்தேன். அதே மாதம் 28-ஆம் தேதி சாயங்காலம் மேனேஜர் போன். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் வயிறு பழையபடி புரண்டது. எடுத்தேன். “இன்னொரு 200 பாட்டில் போட்டா டீம் டார்கெட் முடிஞ்சிரும்மா” என்றார். “அண்ணாச்சிகிட்ட 45 இருக்கு சார். இப்ப மாசம் 20 போகுது. 30 வேணா போடுறேன், அதுக்கு மேல வேண்டாம்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி, அந்தக் கணக்க அப்படியே மெசேஜ்ல போடுங்க, மேல கேட்டா நான் காட்டணும்” என்றார். ரோட்டோரம் வண்டியை நிறுத்தித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று டைப் செய்து அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.